திரையில் எல்லோரும் தெளிவாகத்தான் இருப்பார்கள்

எங்கள் பக்கத்துப் போட்டோகிராபர்கள் கூடும் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "அந்தக் காலத்து அனுபவத்தச் சொல்லுங்க சார்" என்றார்கள். அந்தக் காலம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தக் காலத்தில் என்ன வாழ்ந்தது? படம் கழுவும் ஹைப்போ நாற்றமும் முதுகுவலியும்தான். இருந்தாலும் மதித்துக் கூப்பிட்டார்களே என்று மேடை ஏறி மைக் முன்னால் நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை மாட்டிக்கொண்டு என்னைப் படம் எடுத்தார். எடுத்த கையோடு கேமராவின் முதுகைக் குனிந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"செம ஷார்ப் சார்."

"இங்க கொண்டாங்க. பெருசாக்கிக் காட்டுங்க" என்றேன்.

பெரிதாக்கினார். மைக்கின் கம்பி வலை கண்ணி கண்ணியாகத் தெரிந்தது. அத்தனை தெளிவு. அதற்குப் பின்னால் நான் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு மூட்டம். மீசை எது, உதடு எது என்று எனக்கே தெரியவில்லை.

"டெப்த் கொஞ்சம் பத்தல சார். சின்னதாப் பாக்கையில தெரியல" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்தியதையும் ஒரு படம் எடுத்து, அதையும் குனிந்து பார்த்து, அதற்கும் தலையாட்டினார்கள்.

சின்னதாகப் பார்த்தால் என்னதான் தெரியும்? மேடையில் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். இங்கே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஞானமுத்து அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். தொட்டி கழுவியது, நெகட்டிவ் காயப்போட்டது, பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களின் தலையை நேராக்கியது எல்லாம் விவரமாகச் சொல்லத் தக்கவை அல்ல. யாரும் செய்யக்கூடிய வேலை. சில வருடங்கள் கழித்து அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிளை திறந்து என்னை அதில் உட்காரவைத்தார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். குரூப் போட்டோவுக்கு மட்டும், எந்த ஊராக இருந்தாலும், அவரே வருவார். பள்ளிக்கூடமோ மில்லோ, ஸ்டாண்டு கேமராவை நான் சுமந்துகொண்டு பின்னால் போவேன்.

அண்ணாச்சி அதிகம் பேசமாட்டார். சத்தம் போடமாட்டார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. தப்பு செய்தால் ஸ்டாண்டின் காலை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். அந்தத் தட்டுக்கு நான் பயந்த மாதிரி என் அப்பாவின் அடிக்குக்கூடப் பயந்ததில்லை.

அவருடைய முறை இது. பெஞ்சுகளை இழுத்துப்போட்டு ஆட்களை வரிசையாக நிறுத்துவார். கீழே உட்கார ஒரு வரிசை, நாற்காலியில் ஒன்று, பின்னால் நிற்க ஒன்று, அதற்கும் பின்னால் பெஞ்சு மேல் ஒன்று. பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார். விட்டதும் உடனே பார்க்கமாட்டார். செத்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நிற்பார். வெளி வெயில் கண்ணைவிட்டுப் போக வேண்டும். அதன் பிறகுதான் கேமராவின் பின்பக்கம் இருக்கும் தேய்த்த கண்ணாடியைப் பார்ப்பார். அதில் எல்லோரும் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்குவார்கள். நாற்காலி வரிசைக்குச் சற்றுப் பின்னால் ஃபோகஸ் வைத்துவிட்டு, லென்ஸின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார். வாய் சிறுக்கச் சிறுக்க முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து தெளிவுக்குள் வரும். ஆனால் கண்ணாடியில் வெளிச்சமும் குறைந்துகொண்டே போகும். அந்த அரை இருட்டில், பூதக்கண்ணாடியை வைத்து நாலு மூலை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் ஆழம் பார்ப்பது. தாசில்தாரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் ஆழம் பார்த்து முடியும் வரைக்கும் காத்துத்தான் கிடக்க வேண்டும்.

முதல்முறை என்னைப் பார்க்கச் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். நான் துணிக்குள் போனதும் ஹெட்மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டேன். பளபளக்கிற பொருள், ஃபோகஸ் வைக்கச் சுலபம். நடு முகம் தெளிவாக இருக்கிறது, அப்புறம் என்ன என்று தலையை வெளியே எடுத்தேன்.

"ஏலே குருசாமி, மேல் வரிசையில எடது ஓரம் நிக்கவன் மூஞ்சி தெரிஞ்சுதா?"

"மூஞ்சின்னு தெரியுது அண்ணாச்சி."

ஸ்டாண்டின் காலில் இரண்டு தட்டு விழுந்தது.

"மூஞ்சின்னு தெரிஞ்சாப் போதுமாலே? அவன் மூஞ்சின்னு தெரியணும். இங்க நிக்க பாதிப் பேருக்கு இது ஒண்ணுதான் படம். நாளைக்கி ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா, வீட்டுல இதத்தான் தூக்கிட்டு வருவாவ. ஹெட்மாஸ்டருக்குப் படம் எடுக்க ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான்."

அவர் சொன்னது பயமுறுத்தல் அல்ல. மாதம் தவறாமல் யாராவது ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய குரூப் போட்டோவோடு கடைக்கு வருவார். ஒரு முகத்தின் மேல் விரலை வைத்து, "இதத் தனியா எடுத்துப் பெருசாப் போட்டுத் தாங்க" என்பார். எந்த முகம் என்று கேட்கும் முன்னாலேயே எனக்குத் தெரியும், அது ஓரத்து முகமாகத்தான் இருக்கும். நடுவில் உட்காருகிறவர்கள் வீட்டில் வேறு படங்கள் இருக்கும். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த படங்களும் எங்களிடம் வரும். அதில் ஹெட்மாஸ்டரின் சட்டைப் பொத்தானில் நூல் தெரியும். இறந்துபோன பிள்ளைக்குக் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி இருக்கும். அந்த மகான்களும் அன்றைக்கு மாலை நன்றாக எடுத்துவிட்டோம் என்றுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தொண்ணூறுகளில் வீடியோ வந்தது. அதன் சிறு துளையில் ஒற்றைக் கண்ணை வைத்து, தீப்பெட்டியளவு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டு கல்யாணம் கல்யாணமாக ஓடினோம். அதில் எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தது. மண்டபத்துச் சீரியல் பல்பு மட்டும் தெளிவாக விழுந்து, தாலி கட்டுவது பனிமூட்டத்தில் நடந்த கேசட்டுகள் எத்தனையோ பேர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. யாரும் குறை சொல்லவில்லை. பட்டுச்சேலை என்ன நிறம் என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில்தான் அண்ணாச்சி டிஜிட்டல் கேமரா வாங்கினார். சிங்கப்பூரிலிருந்து மருமகன் கொண்டுவந்தது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். முதுகில் ஒரு சின்னத் திரை. அண்ணாச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். தேய்த்த கண்ணாடியில் நாலு மூலையையும் பார்க்காமல் மூச்சுவிடாத மனிதர், இப்போது அந்தத் திரையைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்து, "பாத்தியாலே, பளிச்சுன்னு இருக்கு" என்றார். வயதானால் மனிதர்கள் விளையாட்டுச் சாமானுக்கு ஆசைப்படுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் மோசமாகவும் நினைத்தேன்.

அந்த வருடம் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூல் சுற்றும் வைண்டிங் பகுதி சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். குரூப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். ஸ்டாண்டு கேமராவைத் தூக்கப்போனேன்.

"அது எதுக்குலே? சும்மா கெடக்கட்டும்."

"பெரிய குரூப்பு அண்ணாச்சி. அதயும் எடுத்துக்கிடுவோம்."

"நான் சொல்லுதேன்லா, வேண்டாம்."

கேண்டீன் படிக்கட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசரும் அதிகாரிகளும் நாற்காலியில். அழகுக்காக முன்னால் குரோட்டன்ஸ் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அண்ணாச்சி வரிசையாகச் சில படங்கள் தட்டினார். பிறகு நிழலுக்கு வந்து திரையை எனக்குக் காட்டினார். படிக்கட்டு முழுக்க அரிசி அரிசியாக முகங்கள். எல்லாம் தெளிவு. எல்லா முகமும் எப்படித் தெளிவாக இல்லாமல் போகும்? அரிசியில் எது கண், எது மூக்கு?

அவர் பையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கித் திரை மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஆளே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் புள்ளிகள்.

"ஏலே, அத அப்படிப் பாக்கக் கூடாது. தள்ளி வச்சுப் பாரு" என்றார் அண்ணாச்சி.

கார்டில் இடம் போதாது என்று, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அங்கேயே அழித்தார். திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. கடைசியாகத் தட்டியது எதுவோ, அது தப்பித்தது. சிவகாசியில் கொடுத்து நோட்டுப் புத்தக அளவில் அச்சடித்து வந்தது. மில்லில் மாட்டினார்கள். அதிகாரிகள் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், மம்சாபுரத்திலிருந்து வேலுச்சாமி என்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைக்கு வந்தார். தோட்டத்து வேலைக்குப் போகிறவர். அந்த மில் குரூப் போட்டோவைக் கையில் வைத்திருந்தார். மேல்படியில் வலது ஓரம் நின்ற ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்தார். அவர் மனைவி பேச்சியம்மாள். வைண்டிங்கில் தினக்கூலிக்குப் போனவர். மஞ்சள்காமாலை வந்து ஒரு மாதம்கூடப் படுக்காமல் போய்விட்டாராம்.

"கல்யாணத்துல எடுத்தது இல்லையா?"

"நாங்க கோயில்ல வச்சுக் கட்டிக்கிட்டோம்ண்ணே. ரெண்டு வீட்டுலயும் ஆரும் வரல. படம் ஆரு எடுக்கா?"

வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் இருந்தது ஒரு கரித்துண்டு. அதை எடுத்த அரசாங்க மேதைக்கு அது போதும் என்று தோன்றியிருக்கிறது.

"கைப்பிள்ள ஒண்ணு இருக்குண்ணே. பொறவு அது கேட்டா, இவதான்னு காட்ட ஒரு மூஞ்சி வேணும்."

நான் ராஜபாளையம் போனேன். அண்ணாச்சியும் நானும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒரு கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முன்னால் இருந்த குரோட்டன்ஸ் இலையில் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும் கேமரா, தொட்டியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அதற்குப் பின்னால் சூப்பர்வைசர் கொஞ்சம் கலங்கல். மேல்படியில் பேச்சியம்மாள் இருந்த இடத்தில் பிசைந்த மாவு. கூந்தல் இருக்கிறது, பொட்டு மாதிரி ஏதோ இருக்கிறது. ஆள் இல்லை.

"அழிச்ச படத்துல ஒண்ணு நல்லா இருந்திருக்கும்" என்றேன். அண்ணாச்சி அதை டச்சப் செய்கிற ஆர்ட்டிஸ்டிடம் கொடுக்கச் சொன்னார்.

ஆர்ட்டிஸ்ட் தாராள மனசுக்காரர். பெரிய கண், வளைந்த புருவம், லேசான புன்னகை எல்லாம் வரைந்து ரோஸ் நிறம் பூசிக் கொடுத்தார். காலண்டரில் தாமரை மேல் உட்காரவைக்கலாம். வேலுச்சாமியிடம் அதைக் காட்டியபோது, அவர் மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது ஆருண்ணே?"

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே கேட்டார். நான் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். கல்யாணமானதிலிருந்து இருவரும் எந்தெந்த விசேஷத்துக்குப் போனார்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. "அவ படத்துக்கு நிக்க மாட்டாண்ணே, மில்லுல அன்னைக்கி நிறுத்தி வச்சதால நின்னா" என்றார். எழுந்து படி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"அய்யனார் கோவில்ல ஒரு காதுகுத்துக்குப் போனோம். அவகூட வேல பாக்கவ பிள்ளைக்கி. கல்யாணமான புதுசு. ஆனா அங்க நாங்க சமையல் வேலதான் பாத்தோம். படத்துல நிக்கல."

அந்தக் காதுகுத்தை எடுத்தது நான்தான். பெரிய சதுர நெகட்டிவ் விழும் பழைய கேமராவில் எடுத்தேன். வெயில் இருந்தால் லென்ஸின் வாயை மூட முடிந்த மட்டும் மூடு என்பது அண்ணாச்சி எனக்குள் தட்டித் தட்டி ஏற்றிய பழக்கம். முன்னால் இருக்கிற ஆளுக்கு அது தேவையில்லை. பின்னால் யாரோ நிற்பார்கள், அவர்களுக்காக. அதைக் கேலி செய்த போட்டோகிராபர்கள் உண்டு. "பின்னால நிக்கவன் என்ன சொந்தக்காரனா?" என்பார்கள்.

ராஜபாளையம் கடையில்தான் பழைய நெகட்டிவ்கள் கிடந்தன. மூன்று படம் சேர்ந்தாற்போல் இருந்த ஒரு துண்டைத் தேடி எடுத்து, வெளிச்சப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தேன். ஓரத்துப் படத்தில் தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிறது. அவர்களுக்குப் பின்னால் தூரத்தில், கல் அடுப்பு பக்கம், கையில் கரண்டியோடு ஒரு பெண் நிற்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் யாரையோ பார்த்து வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பூதக்கண்ணாடியில் இமை தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது.

"அண்ணாச்சி, கெடச்சிட்டு. இங்க வந்து பாருங்க. ஓரத்துல இருக்கது."

அண்ணாச்சி வந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி நெகட்டிவ் மேல் வைத்துக் குனிந்தார். அவர் வைத்தது நான் சொன்ன ஓரத்துப் படத்தில் அல்ல, நடுப்படத்தில். நிதானமாகப் பார்த்தார். பழைய மாதிரியே நிதானம்.

"கண்ணு நல்லா விழுந்திருக்குலே. பிள்ள நேராப் பாக்கா."

அதில் ஆளே கிடையாது. கோயில் பக்கம் சும்மா எடுத்தது. அது அருவி. பாறையும் தண்ணீரும்தான்.

"அண்ணாச்சி... அது அருவி."

அவர் தலையைத் தூக்கவில்லை. பூதக்கண்ணாடியின் மேலேயே குனிந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"பொங்கலுக்கு முந்தியே போச்சுலே. துணிக்குள்ள போனா ஒண்ணும் தெரியல, வெறும் பொகை. அந்தத் திரை ஒண்ணுதான் பளிச்சுன்னு இருந்துது. அதுல எல்லாரும் நல்லாத் தெரிஞ்சாவ."

"ஆருகிட்டயும் சொல்லலையா?"

"போட்டோக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னு எவன்கிட்டலே சொல்ல?"

இரண்டு கண்ணிலும் புரை. பிறகு மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டார், பார்வை ஓரளவு வந்தது. அவரைப் பற்றி அத்தனை மாதங்கள் நான் மனசுக்குள் பேசிய ஏளனம் எல்லாம் அன்றைக்கு அந்த வெளிச்சப் பெட்டி முன்னால் அடங்கிவிட்டது. அவருக்குக் கண் இல்லை, அதனால் திரையை நம்பினார். கண்ணாடிகூடத் தேவைப்படாத நல்ல கண்ணோடு அதைக் குனிந்து பார்த்துத் தலையாட்டுகிறவர்களுக்கு என்ன கேடு என்றுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெரிதாக்கிப் பார்க்க இப்போது ஒரு பொத்தான் இருக்கிறது. கறுப்புத் துணி வேண்டாம், தலைகீழ் உருவம் வேண்டாம், இருட்டுக்குக் கண் பழகக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பொத்தானை அழுத்தி ஓரத்து முகத்தைப் பார்க்கக்கூட இவர்களுக்கு விரல் வணங்காது. பார்த்தால் தப்பு தெரிந்துவிடும், திரும்ப எல்லோரையும் நிறுத்த வேண்டும். அந்தச் சோம்பலுக்கு ஷார்ப் என்று பெயர்.

படத்தை நானே இருட்டறையில் நின்று பெரிதாக்கினேன். வேலுச்சாமி வாங்க வருகிற அன்றைக்கு அண்ணாச்சியும் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. வந்து ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

வேலுச்சாமி படத்தைக் கையில் வாங்கியதும் வாசல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டார். ஆர்ட்டிஸ்ட் படத்தைப் பார்த்தபோதும் இப்படித்தான் நின்றார்.

மூலையிலிருந்து அண்ணாச்சி கேட்டார்.

"எய்யா, எப்படி இருக்கு? எனக்குச் சரியாத் தெரியாது. நீங்க சொல்லுங்க."

"அவதான், மொதலாளி." வேலுச்சாமி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "என்னயத்தான் ஏசுதா. ஈர வெறகக் கொண்டாந்து போட்டுட்டேன்னு அன்னைக்கிப் பூராம் ஏசுனா. நான் இந்தப் பக்கம் நிக்கேன், படத்துல விழல."

அண்ணாச்சி இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். நான் படத்தைச் சுற்ற பேப்பர் எடுத்தேன். சட்டம் போட இங்கேயே விட்டுப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"நாளைக்கே வந்து வாங்கிக்கிடுதேன்." வேலுச்சாமி படத்தைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்று என்னைப் பார்த்தார்.

"பல்லு தெரியுத படத்த மாட்டக் கூடாதும்பாவ எங்க ஆளுக. வந்து சொல்லுவாவ. அதுக்காக டச்சப்பு கிச்சப்புன்னு அவ வாய மூடிராதீய அண்ணே."